யார் அரைத்த சோஸ்

அத்தியாயம் 9

சென்ற வாரம் ஆனந்தமேரியை நெல்லித்தோப்பு மாதா கோயில் வாசலில், கையில் ஒரு லேபிளோடு நிற்கவைத்துவிட்டு வந்துவிட்டோம். அந்த அம்மாள் ஒரு வாரமாக அங்கேயே நிற்கவில்லை. வீட்டுக்கு வந்தாள், சமைத்தாள், துணி துவைத்தாள். ஆனால் எந்த வேலை செய்தாலும் அந்த லேபிள் மட்டும் அவள் இடுப்பு முடிச்சிலேயே இருந்தது.

லேபிளில் அவளுடைய அண்ணன் சவரிராயனின் முகம். தலையில் வெள்ளைத் தொப்பி. அதற்குக் கீழே 'சோஸ் சவரி' என்று பிரெஞ்சிலும் தமிழிலும் பெரிய எழுத்து. அதற்கும் கீழே பொடி எழுத்தில், 'எத்துவால் ஒத்தேல் தலைமைச் சமையற்காரர் சவரிராயன் அவர்களின் சொந்தக் கண்டுபிடிப்பு.'

சலாதுக் கீரை தின்கிற எந்தப் புதுச்சேரி வீட்டிலும் சவரி சோஸைத் தெரியாதவர்கள் கிடையாது. கல்யாண விருந்தில் கட்லெட்டுக்குப் பக்கத்தில் அது இல்லை என்றால் சம்பந்திகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். முட்டை சேராத சோஸ் என்பதால் சைவக்காரர்களும் தாராளமாகத் தொட்டுக்கொள்வார்கள். ஊருக்குத் தெரியாத சங்கதி ஒன்றுதான். ஏழு வருஷமாக அதை அரைத்தது அண்ணனின் ஓட்டலான எத்துவால் ஒத்தேல் சமையற்கட்டில் அல்ல, நெல்லித்தோப்பில் ஒரு வீட்டு அம்மியில்.

தினமும் காலையில் ஆனந்தமேரி அதைப் பீங்கான் ஜாடியில் நிரப்பி, வாயை வாழையிலையால் கட்டி, அண்ணனுக்குக் கொடுத்து அனுப்புவாள். அண்ணன் பெயர் சொல்லி ஊர் சாப்பிட்டதில் அவளுக்கு வருத்தம் இருந்ததில்லை. கூடப் பிறந்தவன் பெயர் தன் பெயர் மாதிரிதானே என்று இருந்துவிட்டாள். இப்படி இருந்துவிடுகிற பெண்களை நம்பித்தான் பல ஆண்பிள்ளைகள் பெரிய மனிதர்களாகிறார்கள் என்று நான் சொன்னால் கடிதம் எழுதிச் சண்டை போடாதீர்கள்.

இப்போது மதராஸ் கம்பெனி ஒன்று அந்தச் சோஸைப் பாட்டிலில் அடைத்து விற்கப்போகிறது. மதராஸில் வேறொரு ஓட்டல்காரர் அது தன்னுடைய சரக்கு என்று சொல்லிக்கொண்டு திரிகிறாராம். ஆகவே எங்கே, எப்போது, யார் முதலில் செய்தது என்று நொத்தேர் என்கிற பத்திர அதிகாரி முன்னால் சத்தியம் செய்து எழுதிய 'அக்த்', அதாவது பத்திரம், வேண்டும் என்று கம்பெனி கேட்டிருந்தது. அந்தப் பத்திரத்தில் தன் பெயரும் ஒரு வரி வரட்டும் என்று ஆனந்தமேரி ஆசைப்பட்டாள். பெரிய ஆசை ஒன்றும் இல்லை, ஒரே ஒரு வரி.

"நான் ஒனக்குச் சாட்சி சொல்றேன்" என்று அவள் கணவர் அருளானந்தம் சொல்லியிருந்தார். பிறப்பு இறப்புப் பதிவு ஆபீஸில் அவர் குமாஸ்தா. அவர் கையெழுத்துக்கு ஊரில் மரியாதை உண்டு.

அந்த நம்பிக்கையோடுதான் 1961 ஜூலை பத்தாம் தேதி, திங்கட்கிழமை, ஆனந்தமேரி நல்ல புடவை கட்டிக்கொண்டு புறப்பட்டாள்.

"நீங்க கெளம்பலையா?"

"ஆபீஸ்ல லீவு தரல. நீ ஸ்டெல்லாவக் கூட்டிக்கினு போ. அவளுக்குத்தான் பிரெஞ்சு தெரியுமே."

"லீவு சொல்லியாச்சுன்னு நேத்து சொன்னீங்க."

"சொன்னேன். இல்லன்னுட்டாங்க."

"சாட்சி இல்லாம நான் போயி இன்னா பேசறது?"

"மொதல்ல நீ பேசிப் பாரு. கூப்புட்டா வர்றேன்."

அருளானந்தம் சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றி ஒன்று போட்டிருந்தார். ஆனந்தமேரி கிட்டே போய், எல்லாவற்றையும் அவிழ்த்து, மேலிருந்து ஒவ்வொன்றாகச் சரியாகப் போட்டுவிட்டாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் கூரை ஓட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிற்பாடு இதை நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

தாயும் மகளும் பெரிய வாய்க்காலைத் தாண்டி வெள்ளைக்காரத் தெருப்பக்கம் நடந்தார்கள். ஸ்டெல்லாமேரிக்குப் பத்தொன்பது வயது. மாமன் சவரிராயனின் மகன் இன்னாசிக்கு அவளைக் கொடுப்பதாக நிச்சயமாகியிருந்தது. இன்னாசி பிரான்சில் வேலையில் இருந்தான். அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை கட்டுவதற்கு மேற்றிராணியார் என்கிற பிஷப்பிடம் அனுமதிகூட வாங்கியாகிவிட்டது. மார்கழியில் அவன் வரவேண்டியது, தையில் கல்யாணம்.

நொத்தேர் ஆபீஸில் குமாஸ்தா சுப்பிரமணியன் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"இன்னா விஷயமா வந்தீங்கம்மா?"

"எங்க அண்ணன் சவரிராயன் ஒரு அக்த் எழுதப் போறாரில்ல, சோஸு விஷயமா. அதுல என் பேரும் ஒரு வரி சேக்கணும்."

"எழுதப் போறாரா? எழுதியாச்சே. போன மாசம் இருபத்தாறாந் தேதியே கையெழுத்து ஆயிடுச்சு."

ஆனந்தமேரி மகளைப் பார்த்தாள். 'அடுத்த வாரந்தான், உன்னையும் கூட்டிக்கினு போறேன்' என்று சவரிராயன் நேற்றுப் பூசை முடிந்து சொன்னது அவள் காதில் இன்னும் இருந்தது.

"அதுல இன்னா இருக்குன்னு நாங்க பாக்கலாமா முசியே?" என்று ஸ்டெல்லாமேரி கேட்டாள்.

"தாராளமா. சம்பந்தப்பட்டவங்க கேட்டா வாசிச்சுக் காட்டணும். ஆட்சேபணை இருந்தா பதினஞ்சு நாளைக்குள்ள சொல்லணும்." விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, "நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் கெடு இருக்கு" என்றார் சுப்பிரமணியன்.

அந்த ஆபீஸில் ஒரு வழக்கம். எந்தப் பத்திரமானாலும் முதலில் பிரெஞ்சில் ஒரு வாக்கியம், பிறகு அதையே தமிழில் ஒரு வாக்கியம் என்று குமாஸ்தா உரக்க வாசிப்பார். பிரெஞ்சு தெரியாதவர்கள் பின்னால் வந்து ஏமாந்துவிட்டேன் என்று சொல்லக் கூடாது அல்லவா. சுப்பிரமணியன் இருமிக்கொண்டு தொடங்கினார். ஸ்டெல்லாமேரி பிரெஞ்சைக் கவனித்தாள். ஆனந்தமேரி தமிழுக்காகக் காத்திருந்தாள்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நான்காம் ஆண்டு, ழுய்யே என்னும் ஜூலை மாதம் பதினான்காம் தேதி, பிரெஞ்சு ஆட்சியின் கடைசித் தேசியத் திருநாள் விருந்தன்று, எல்லைக் கெடுபிடியால் முட்டையும் ஒலிவ எண்ணெயும் கிடைக்காதபடியால், மேற்படி சவரிராயன் என்பவர், அன்று காலை கூடையில் வந்த பச்சை முந்திரியைப் பிளந்து, தம் கையாலேயே தோல் நீக்கி, கள்ளுக் காடியும் கடுகும் சேர்த்து அரைத்து, இதுவரை எவரும் அறியாத..."

ஆனந்தமேரிக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது.

இது அவளுடைய கதை. ஒவ்வொரு வருஷமும் பாஸ்கு என்கிற ஈஸ்டர் சாப்பாட்டின்போது அவள் அண்ணனுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லிச் சிரித்த கதை. நடந்தது பெரிய வெள்ளிக்கிழமை, ஏப்ரல் மாதம். அன்று காலை அண்ணன் முகம் வெளுத்து ஓடிவந்தான். ஒத்தேலில் துரைமார்களுக்கு மீனும் சலாதும் வைக்க வேண்டும், மயோனேசுக்கு முட்டை இல்லை, எண்ணெய் இல்லை, இருந்தாலும் அன்றைக்குப் பழைய கிறிஸ்தவர்கள் முட்டை தொடமாட்டார்கள். என்ன செய்வது என்று கையைப் பிசைந்தான். மூலக்குளத்திலிருந்து கூடை சுமந்து வரும் செல்வாம்பாள் அப்போதுதான் ஒரு கூடை பச்சை முந்திரிக் கொட்டையை இறக்கி வைத்திருந்தாள். பால் போலக் குழையுமே, அரைத்துப் பார்க்கலாமே என்று ஆனந்தமேரிக்குத் தோன்றியது. பருவம் போன பிறகு காய்ந்த பருப்பை வெந்நீரில் ஊறவைத்து அரைக்கும் பக்குவத்தை அவள் கண்டுபிடித்தது பின்னால், அந்த வருஷத்து மழைக்காலத்தில்.

அண்ணன் கதையைக் கூடையோடு தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். நோன்பு நாளில் பிறந்த சோஸ் என்றால் பாட்டிலுக்கு மதிப்பில்லை என்று நினைத்தானோ என்னவோ, தேதியை மட்டும் கொடியும் பாண்டு வாத்தியமும் உள்ள நாளாக மாற்றிவிட்டான். ஜூலை மாதத்தில் பச்சை முந்திரி ஏது? கூடை சுமக்கிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்லுவாளே. கதை விடும்போது அவனுக்கு எப்போதுமே கிழமை, மாசம் ஞாபகம் இருக்காது.

"இத எழுதும்போது நீங்க ஒண்ணும் கேக்கலீங்களா?" என்றாள் ஆனந்தமேரி.

"அவங்க சத்தியம் பண்ணிச் சொல்றத எழுதறதுதாம்மா எங்க வேல. நெசமா பொய்யான்னு பாக்கறதுக்குச் சாட்சிங்க இருக்காங்க." அவர் பக்கத்தைத் திருப்பினார். "மொத சாட்சி, எத்துவால் ஒத்தேல் பரிசாரகர் இராமதாஸ். ரெண்டாவது சாட்சி, மேற்படி ஒத்தேல் காவலர் கலியமூர்த்தி."

ஆனந்தமேரி வாயைத் திறந்தாள். 'இவங்க எல்லாம் எப்ப வேலைக்கு வந்தாங்கன்னு கேளுங்க, முந்திரி எந்த மாசத்துல காய்க்கும்னு கேளுங்க' என்று சொல்லத்தான்.

"மூணாவது சாட்சி, அருளானந்தம். தகப்பனார் பேர் மரியசூசை. பிறப்பு இறப்புப் பதிவு ஆபீஸ் குமாஸ்தா. வயசு நாப்பத்தெட்டு. நெல்லித்தோப்பு."

திறந்த வாய் அப்படியே நின்றது.

"வேற யாராவது இருக்கும்மா" என்றாள் ஸ்டெல்லாமேரி. அவள் குரல் அவளுக்கே நம்பிக்கையாக இல்லை.

சுப்பிரமணியன் பத்திரத்தைத் திருப்பிக் காட்டினார். கடைசி எழுத்திலிருந்து ஒரு வால் இழுத்து, அதை மறுபடி முதல் எழுத்து வரைக்கும் கொண்டுவந்து கோடாகப் போடுகிற கையெழுத்து. ஆனந்தமேரியின் கல்யாணப் பதிவில் அது இருந்தது. ஸ்டெல்லாமேரியின் பிறப்புப் பதிவில் இருந்தது. ஆனந்தமேரியின் அப்பா இறந்தபோது அந்தப் பதிவிலும் அதே கையெழுத்துதான் இருந்தது.

ஜூன் இருபத்தாறு. லேபிள் அவள் கையில் கிடைத்தது ஜூலை மூன்று. அன்றைக்கு அவள் அழுதபோது முதுகைத் தடவிக்கொடுத்து, 'நான் சாட்சி சொல்றேன் ஆனந்தம்' என்று அந்த மனிதர் சொன்னாரே, அப்போது கையெழுத்துப் போட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது.

அண்ணன் செய்தது வலித்தது. இது வலிக்கக்கூட இல்லை. காலடியில் தரை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

"ஆட்சேபணை எழுதட்டுங்களாம்மா?" சுப்பிரமணியன் பேனாவை மையில் தொட்டார்.

"ஒரு சந்தேகம். இதுல இருக்கறது பொய்னு நிரூபிச்சா, சாட்சி போட்டவங்களுக்கு இன்னா ஆவும்?"

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளையும் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது.

"பொய்ச் சத்தியம்மா. சும்மா உட மாட்டாங்க. கவர்மெண்டு உத்தியோகமா இருந்தா அதோட போச்சு." கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "ஆனா கெடுவுக்குள்ள அவரே வந்து, நான் தப்பாச் சொல்லிட்டேன்னு எழுதிக் குடுத்துட்டா ஒண்ணும் வராது. மத்தவங்க சொல்லி வந்தாதான் ஆபத்து."

"கெடு நாளைக்கு அஞ்சு மணி."

"நாளைக்கு அஞ்சு மணி."

"அப்ப இன்னிக்கி ஒண்ணும் எழுத வேணாங்க" என்று சொல்லிவிட்டு ஆனந்தமேரி எழுந்தாள்.

வாய்க்கால் பாலம் வரைக்கும் இரண்டு பேரும் வேகமாக நடந்தார்கள். பாலத்தில் ஸ்டெல்லாமேரிதான் நின்றாள்.

"அப்பா எதுக்கும்மா போட்டாரு?"

"அவரையே கேப்போம். பன்னண்டு மணிக்குச் சாப்புட வருவாரில்ல."

அருளானந்தம் வந்தார். கை கழுவினார், சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தட்டில் ரொட்டி இருந்தது, வறுத்த மீன் இருந்தது, கழுவின சலாது இலை தண்ணீர் சொட்டச் சொட்ட இருந்தது. போன காரியம் என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை. இலையை எடுத்தார், பக்கத்தில் தேடினார்.

"சோஸு இல்லையா?"

"எங்க அண்ணன் வீட்டுல இருக்கும். மூணாவது சாட்சிக்குத் தராமலா பூடுவாரு" என்றாள் ஆனந்தமேரி.

இலை தட்டில் விழுந்தது. தெருவில் ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போனான்.

"மச்சான்தான் கேட்டாரு" என்றார் அருளானந்தம் கடைசியில். "ஒத்தேல் ஆளுங்க சாட்சி மட்டும் போதாது, உத்தியோகஸ்தன் ஒருத்தன் வேணும்னாரு. நான் முடியாதுன்னுதான் சொன்னேன். ரெண்டு தரம் சொன்னேன்."

"மூணாவது தரம்?"

"இன்னாசிக்கு அங்கயே ஒரு பொண்ணு எடம் வருதாம். நீ போடலன்னா நான் ஏன் இங்க பொண்ணு எடுக்கணும்னு கேட்டாரு. மேற்றிராணியார் அனுமதி வாங்கி, கோயில்ல சொல்லி, ஊருக்கெல்லாம் தெரிஞ்சப்புறம் கல்யாணம் நின்னா இவள யாரு கட்டுவா? பொண்ணுக்காகப் போட்டேன் ஆனந்தம். எனக்காக இல்ல."

அடுப்படி வாசலில் நின்றிருந்த ஸ்டெல்லாமேரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். தன்னை வைத்துத்தான் இந்தப் பேரம் நடந்தது என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிகிறது. பாவம், அவளிடம் யாரும் கேட்கவில்லை.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள் ஆனந்தமேரி. "போட்டது இருக்கட்டும். போன வாரம் நான் அழுதப்ப ஏன் சொல்லல? சாட்சி சொல்றேன்னு ஏன் சொன்னீங்க?"

"நீ அழுவறதப் பாக்க முடியல."

"அதனால இன்னொரு பொய் சொல்லிட்டீங்க."

ஆனந்தமேரி எதிரே உட்கார்ந்து வலது கையை மேஜைமேல் விரித்து வைத்தாள். கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் நுனித் தோல் வழவழவென்று, ரேகையே இல்லாமல் இருந்தது. பச்சை முந்திரியைப் பிளந்தால் தோட்டிலிருந்து ஒரு பால் வரும். பட்ட இடம் வெந்துபோகும். செல்வாம்பாள் போன்றவர்கள் சாம்பல் தொட்டுக்கொண்டு உரிப்பார்கள். அன்றைக்கு அண்ணன் அவசரப்படுத்தியதில் ஆனந்தமேரிக்குச் சாம்பல் தேட நேரம் இருக்கவில்லை.

"இதுக்குத் தேங்கா எண்ணெ போட்டது யாரு?"

"நான்தான்."

"எத்தினி நாளு?"

"மூணு நாளு."

"எந்த நாளு?"

"பெரிய வெள்ளிக்கெழம. அன்னிக்கிச் சாயங்காலம் சிலுவப்பாதைக்கு ஒன்னால வர முடியல. வெரலு கொப்புளிச்சிப் போச்சு."

"ஜெபமால புடிக்க முடியல எனக்கு. எனக்கும் சேத்து நீங்கதான் உருட்டினீங்க. பாஸ்கு ராத்திரி வரைக்கும் சோறுகூட நீங்கதான் ஊட்டினீங்க. இத எல்லாம் பாத்த ஒரே ஆளு நீங்கதாங்க. எங்க அண்ணன் திருடினான், சரி. திருட்டுக்கு இந்தக் கைக்கு எண்ணெ போட்டவரா சாட்சி?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இந்த ஊருல பொறக்கற பிள்ள எல்லாத்துக்கும் இன்ன நாளு, இன்ன தாய்னு எழுதறவரு நீங்க" என்றாள் ஆனந்தமேரி. "இது ஒண்ணுக்கு மட்டும் நாளையும் மாத்திட்டீங்க, தாயையும் மாத்திட்டீங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவர் எதிர்த்து ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பார். பிறகு சுப்பிரமணியன் சொன்னதை ஒரு சொல் மாறாமல் சொன்னாள். தானாகப் போய் எழுதிக் கொடுத்தால் ஒன்றும் வராது, அவள் போய்ச் சொன்னால் உத்தியோகம் போகும், கெடு நாளை ஐந்து மணி.

"போனா கல்யாணம் நிக்குமே" என்றார் அவர், மகளைப் பார்க்காமல்.

"அப்பா" என்று ஸ்டெல்லாமேரி முன்னால் வந்தாள். கண் நிறைந்திருந்தது, குரல் உடையவில்லை. "எனக்கு இன்னாசியப் புடிக்கும். இல்லன்னு சொன்னா பொய். அவரு எழுதின கடுதாசி எல்லாம் பெட்டியில வச்சிருக்கேன். ஆனா அம்மா கைய மறச்சித்தான் எனக்குத் தாலி கட்டணும்னா, அது நிக்கட்டும்."

அருளானந்தம் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஆபீஸுக்குப் போனார். அங்கே அன்று பிற்பகல் என்ன எழுதினார், எப்படி எழுதினார் என்று நமக்குத் தெரியாது. ஐந்தரைக்குத் திரும்பி வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மூலையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். யாரும் அவருக்குக் காப்பி கொடுக்கவில்லை.

ஆறு மணி இருக்கும். வாசலில் ரிக்ஷா நின்றது.

"தங்கச்சி, எங்க இருக்கிற?" என்று சத்தமாகக் கேட்டுக்கொண்டு சவரிராயன் நுழைந்தார். ஒரு கையில் பெரிய வஞ்சிரம், வாலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். மறு கையில் ஒரு பாட்டில். அதில் அதே தொப்பி, அதே முகம். காலையில் நடந்தது எதுவும் அந்த மனிதருக்குத் தெரியாது. "பாரு, மொத பாட்டிலு. வேற யாருக்கும் குடுக்காம ஒனக்குத்தான் எடுத்தாந்தேன்."

ஆனந்தமேரி பாட்டிலை வாங்கி மேஜைமேல் வைத்தாள். மீனை வாங்கவில்லை. அவர் அதைத் தாமே ஜன்னல் கம்பியில் மாட்டினார்.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்குக் கம்பெனிக்காரங்க வர்றாங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "கண்ணு முன்னால செஞ்சு காட்டணுமாம். நொத்தேரும் சாப்பாட்டுக்கு வர்றாரு. நீ கொஞ்சம் வெள்ளனவே வந்து, சமையக்கட்டுக்குப் பின்னால ஒக்காந்து அரைச்சுக் குடுத்துடு. நான் முன்னால நின்னு காடி ஊத்திக் கலக்கிடறேன்."

"நீயே அரைக்கலாமே அண்ணே. ஒன் கண்டுபிடிப்பு ஆச்சே."

சவரிராயன் சிரித்தார். லேபிளைப் பார்த்துவிட்டுத்தான் கிண்டல் செய்கிறாள் என்று எண்ணிக்கொண்டார். "கம்பெனிக்காரன் போட்டுட்டாம்மா, நான் இன்னா பண்றது. ஒன் பேரையும் சேக்கச் சொல்றேன், அடுத்த வாரம் ஆவட்டும். எனக்கு அந்தக் கைப்பக்குவம் வரல. ரெண்டு தரம் அரைச்சுப் பாத்துட்டேன், திரிஞ்சு பூடுது. வருவியா மாட்டியா?"

மூலையில் அருளானந்தம் தலையைத் தூக்கினார். அடுப்படியில் ஸ்டெல்லாமேரி பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

"வர்றேன்" என்றாள் ஆனந்தமேரி.

"அதான் என் தங்கச்சி."

"ஆனா அக்த்துல எழுதினாப்போலவே செய்யணும் அண்ணே. நொத்தேர் வேற வர்றாரு. பச்ச முந்திரி ரெண்டு படி வாங்கி வச்சிடு. ஒடைச்சு, உரிச்சு, எல்லார் எதுத்தாப்லயும் அரைச்சிடலாம்."

"பச்ச முந்திரியா?" சவரிராயனுக்கு அந்த 'அக்த்' காதில் விழவில்லை, முந்திரிதான் விழுந்தது. "இன்னா நீ, ஆடி பொறக்கப் போவுது. இப்ப போயிப் பச்ச முந்திரி கேக்கற. அது சித்திர வைகாசியோட போச்சே. ஜூலை மாசத்துல அதுக்கு நான் எங்கப் போவேன்?"

"சரி. இப்ப என்கிட்ட சொன்னியே, அத அப்படியே நாளைக்கு நொத்தேர்கிட்ட சொல்லிடு" என்றாள் ஆனந்தமேரி.

சவரிராயன் முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது. அது அங்கே இருப்பதை அவர் மறந்துவிட்ட மாதிரி இருந்தது. மெதுவாகத் திரும்பி அருளானந்தத்தைப் பார்த்தார்.

"மாப்ள, இன்னா இது?"

அருளானந்தம் எழுந்து ஆணியிலிருந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். முதல் பொத்தானை இரண்டாவது ஓட்டையில் போட்டார், இரண்டாவதை மூன்றாவதில் போட்டார். ஆனந்தமேரி பார்த்துக்கொண்டுதான் நின்றாள். இந்தத் தடவை அவள் கிட்டே போகவில்லை.

"அப்பா, எங்கப் போறீங்க?" என்று ஸ்டெல்லாமேரி கேட்டாள்.

அவர் கோணலான சட்டையோடு தெருவில் இறங்கி, நொத்தேர் ஆபீஸுக்குப் போகிற வாய்க்கால் பாலத்துப் பக்கம் திரும்பினார். "மாப்ள, நில்லு" என்று கூப்பிட்டுக்கொண்டு சவரிராயனும் பின்னால் ஓடினார். ஜன்னல் கம்பியில் வஞ்சிரத்தின் வாய் திறந்தபடி இருந்தது. ஆனந்தமேரி அதை அவிழ்த்து, அண்ணன் வந்த ரிக்ஷாவிலேயே வைத்துவிட்டு வந்து கதவைச் சாத்தினாள்.